வருவார், வரமாட்டார், இன்ஷா அல்லாஹ்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்னும் எழுபத்தோரு மணி நேரம் இருந்தது. நுஹைலா அதைக் குறிப்பேட்டின் மேல் மூலையில் எழுதி அடியில் கோடு போட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணி. சமையலறையை ஒட்டிய சின்ன பால்கனியில், காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தவர் காதில் விழாமல் போன் பேச அந்த வீட்டில் வேறு இடம் இல்லை.

ஃபெஸ் மருத்துவக் கல்லூரியின் பட்டியல் சனிக்கிழமை வந்திருந்தது. முதன்மைப் பட்டியலில் இருநூற்றைம்பது பெயர்கள். அதற்குக் கீழே காத்திருப்போர் பட்டியல். அதில் அவள் முப்பத்தொன்று. முதன்மைப் பட்டியலில் இருப்பவர்கள் புதன் மாலை நான்கு மணிக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். சேராதவர்களின் இடங்களை வியாழன் காலை பெரிய கூடத்தில் வைத்து, காத்திருப்போருக்கு வரிசைப்படி பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கூப்பிடும்போது இல்லாதவரின் முறை போய்விடும். கையில் பள்ளியிறுதிச் சான்றிதழின் அசல் இல்லாதவரின் முறையும் போய்விடும்.

சிக்கல் அந்தக் கடைசி விதியில்தான் இருந்தது. அசல் என்பது ஒரே ஒரு தாள். ஒருவருக்கு இரண்டு தரமாட்டார்கள். நுஹைலாவின் தாள் அல் ஹொஸைமாவில், கடல் பார்த்த ஒரு பொறியியல் கல்லூரியின் அலமாரியில் இருந்தது. அங்கே அவளுக்கு முதன்மைப் பட்டியலிலேயே இடம் கிடைத்து, இரண்டு வாரம் முன்பு அப்பாவோடு போய்த் தாளைக் கொடுத்து ரசீது வாங்கி வந்திருந்தாள். தாள் திரும்ப வேண்டுமென்றால் நேரில் போய் "நிரந்தர விலகல்" என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த இடம் போச்சு. அதற்குப் பிறகு வியாழக்கிழமை வரிசை முப்பத்தொன்று வரை வராவிட்டால் எதுவுமே இல்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவு திறந்திருக்கும் அறிவியல் கல்லூரி ஒன்று மிஞ்சும். அங்கே ஒரு கூடத்தில் எழுநூறு பேர். பின்வரிசைக்குப் பாடம் காதில் விழாது.

ஆகவே கேள்வி ஒன்றுதான். இருநூற்றைம்பது பேரில் முப்பத்தொரு பேர் வராமல் இருப்பார்களா?

அதை யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இருந்த எண்பத்தாறு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். முதன்மைப் பட்டியலை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் வழியாகவும் அத்தை மகன் வழியாகவும் இருநூற்றைம்பது பேரின் தொலைபேசி எண்களையும் தேடிப் பிடித்தார்கள். கணக்கை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நுஹைலா பேசவில்லை. வேலை அவளிடம் வந்து சேர்ந்தது.

குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தாள். வருவார். வரமாட்டார். மூன்றாவது கட்டத்தை முதலில் அவள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்த அழைப்புகளுக்குப் பிறகு போட வேண்டியதாயிற்று.

போனில் சொல்ல வேண்டியதைத் தனித்தாளில் எழுதி வைத்திருந்தாள். பள்ளியில் பதில் தெரிந்தும் கை தூக்காதவள் அவள். முன்பின் தெரியாதவரிடம் பேசினால் குரல் பாதியில் நின்றுவிடும். தாளைப் பார்த்து வாசித்தால் நிற்காது.

"ஸலாம் அலைக்கும். நான் ஃபெஸ் காத்திருப்போர் பட்டியல்ல முப்பத்தொண்ணாவது ஆளு. உங்க வீட்டுப் பிள்ளை புதன்கிழமைக்குள்ள சேருவாங்களா மாட்டாங்களான்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?"

"என் மவன் போவானா மாட்டானான்னு கேக்க நீ யாரு, மந்திரியா?" என்றார் ஒருவர். "போவான். எழுதிக்கோ. கொட்டை எழுத்துல எழுதிக்கோ."

வருவார்.

அடுத்தது ஒரு பையன். "எனக்கு ராணுவ மருத்துவக் கல்லூரில கெடச்சிருச்சு. என் இடம் காலி. நல்லா இருங்க."

வரமாட்டார்.

அடுத்தது ஒரு அம்மா. அவர் பின்னால் கோழி கொக்கரித்தது. "இன்ஷா அல்லாஹ், மவளே."

"இன்ஷா அல்லாஹ், சேருவாங்களா?"

"இன்ஷா அல்லாஹ்."

"இல்ல, சேரமாட்டாங்களா?"

"அதான் இன்ஷா அல்லாஹ்னு சொன்னேனே. உனக்கும் நல்லதே நடக்கும், போ."

மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு.

குழுவில் அவளோடு தனியாகப் பேசியது ஒருத்திதான். பட்டியலில் அவளுக்கு ஒரு எண் முன்னால் இருந்த இக்லாஸ், தாவ்னாத் பக்கத்துப் பெண். நுஹைலாவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"முப்பத்தொண்ணு! சாப்ட்டியா?"

"இல்ல. பதினெட்டுப் பேர் பாக்கி."

"பதினெட்டுப் பேரும் எங்கயும் ஓடிற மாட்டாங்க. போய் சாப்பிடுடீ. உனக்கு முன்னாடி நிக்கிற முதுகு நாந்தான், ஞாபகம் வச்சுக்கோ. நான் நகந்தாத்தான் நீ நகர முடியும்."

"நீ சீக்கிரம் நகரு."

"பாத்தியா, பேசறா! மூணு நாளாப் பழகுன பலன்."

மத்தியானம் மேல்வீட்டு லல்லா கமர் வந்தார். கையில் நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பு. நல்ல செய்திக்கு வீட்டுக்குக் கொண்டுவரும் சர்க்கரை அது. குளிர்பெட்டியின் மேல் ஏற்கெனவே நான்கு நின்றிருந்தன. நுஹைலாவின் அம்மா ராபியா ஐந்தாவதை வாங்கி அவற்றின் பக்கத்தில் நிறுத்தினாள்.

"டாக்டரம்மா எங்க?" என்று லல்லா கமர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து, அங்கியை முழங்கால் வரை தூக்கினார். "இங்க வா கண்ணு. மடக்கும்போது டக்குனு ஒரு சத்தம். என்னன்னு பாத்துச் சொல்லு."

"நான் இன்னும் சேரவே இல்லயே, லல்லா."

"அடக்கத்தப் பாரேன்! என் தங்கச்சி பொண்ணு மருந்துக்கடையில வேலைக்குச் சேந்த அன்னைக்கே எனக்கு ஊசி போட வந்துட்டா."

அவர் போன பிறகு நுஹைலா சமையலறை வாசலில் நின்றாள். ராபியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா எல்லார்கிட்டயும் சொன்னே?"

"பட்டியல்ல பேரு இருக்கு. இருக்கா இல்லயா?"

"அது காத்திருப்போர் பட்டியல்."

"பட்டியல் பட்டியல்தான்."

"பத்துப் பன்னெண்டு வீட்ல இன்ஷா அல்லாஹ்னு சொல்றாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னே புரியல."

ராபியா கையில் ஒட்டிய மாவை வழித்தாள். "இதுல புரியறதுக்கு என்ன இருக்கு? ஃபிரான்சுக்கு எழுதிப் போட்டிருப்பாங்க. இல்ல ஜெர்மனிக்கு. விசா கைக்கு வர்ற வரைக்கும் கூடப் பொறந்தவகிட்டயே சொல்லமாட்டாங்க. நீ யாரோ, போன்ல கேட்டா சொல்லிருவாங்களா? கண்ணு பட்டுரும்."

"உனக்கு மட்டும் கண்ணு படாதா? அஞ்சு சர்க்கரை வாங்கி வச்சிருக்கே."

"நடந்ததச் சொன்னா கண்ணு படாது."

"இன்னும் நடக்கலம்மா."

"நடந்துரும். இன்ஷா அல்லாஹ்."

நுஹைலா பால்கனிக்குத் திரும்பினாள். அம்மா சொன்னதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கணக்கு முடிந்தது. வருவார், இருநூற்றுப் பதினாலு. வரமாட்டார், இருபத்திரண்டு. இன்ஷா அல்லாஹ், பதினாலு. அவளுக்கு முப்பத்தொன்று வேண்டும். அதாவது அந்தப் பதினாலில் ஒன்பது பேர் வராமல் இருக்க வேண்டும்.

தனக்கு முன்னால் காத்திருக்கும் முப்பது பேரையும் இன்னொரு பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில் கட்டங்கள் போடவில்லை. அவர்கள் எல்லாரும் குழுவில் இருப்பவர்கள், இந்த இடத்துக்காகத் தவம் கிடப்பவர்கள். வருவார்களா என்று கேட்பதே அவமரியாதை.

நாலரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"ஸலாம் அலைக்கும்," என்றது ஒரு பெண் குரல், மிக வேகமாக. "என் பேரு ரீம். நாதோர்லருந்து பேசறேன். அல் ஹொஸைமா காத்திருப்போர் பட்டியல்ல நான் ஒண்ணாவது ஆளு. நீங்க அங்க இடம் வாங்கியிருக்கீங்கன்னு சொன்னாங்க. ஃபெஸ்லயும் உங்க பேரு இருக்குன்னும் சொன்னாங்க. அதான், நீங்க அங்கயே இருக்கப் போறீங்களா இல்லயான்னு மட்டும்..."

அந்தப் பக்கம் தாள் சலசலப்பது நுஹைலாவுக்குக் கேட்டது. அந்தப் பெண்ணும் எழுதி வைத்துப் படிக்கிறாள்.

"இன்ஷா அல்லாஹ்," என்றாள் நுஹைலா.

மறுமுனையில் தாள் மறுபடி சலசலத்தது.

"அப்டின்னா இருப்பீங்களா?"

"இன்ஷா அல்லாஹ்."

"சரிக்கா," என்றாள் ரீம். அந்தச் 'சரி'யில் குரல் நன்றாக இறங்கிவிட்டது. "சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சிருங்க."

நுஹைலா போனை முக்காலிக்கு அடியில் வைத்தாள். கன்னம் சூடாக இருந்தது. அது ஆறிய பிறகு, நடந்ததை வேறு ஒருவருக்கு நடந்தது போல எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒரு பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அவள் இன்ஷா அல்லாஹ் என்றாள். அந்த நொடியில் அவள் மனதில் என்ன இருந்தது?

போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. அங்கேயே இருக்க நினைத்திருந்தால் "இருப்பேன்" என்று சொல்லியிருப்பாள்; அதில் மறைக்க ஒன்றுமில்லை. இருநூற்றுப் பதினாலு பேர் அப்படித்தான் பட்டென்று சொன்னார்கள். போக நினைப்பவர்தான், போக முடியும் என்று உறுதியாகும் வரை, வாயைத் திறக்கமாட்டார். அப்படியானால் இன்ஷா அல்லாஹ் என்றால் வரமாட்டார். இருபத்திரண்டும் பதினாலும் முப்பத்தாறு.

ஒரே ஒரு மாதிரியை வைத்து எடுத்த முடிவு. அதுவும் தன்னையே மாதிரியாக வைத்து எடுத்தது. ஆய்வகக் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருந்தால் ஆசிரியை சிவப்பு மையால் அடித்திருப்பார். நுஹைலாவுக்கு அது தெரியும். இருந்தாலும் முப்பத்தாறு என்று எழுதினாள்.

அப்பா அல்லால் ஆறு மணிக்கு வந்தார். ஸஃப்ரூவுக்கும் ஃபெஸுக்கும் நடுவே வாடகை வண்டி ஓட்டுபவர். ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். முப்பது வருடமாக ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தே அவர் குரல் நிதானமாகிவிட்டது.

"உன் கணக்கு என்னம்மா சொல்லுது?"

"முப்பத்தாறு இடம் காலியாகும்பா. நான் முப்பத்தொண்ணு."

"எனக்கு ஆறு சீட்டுக்கே கணக்கு தப்புது. 'தெருமுனையில இருக்கேன், இந்தா வந்துட்டேன்'னு போன் பண்றான் பாரு, அவன் வரவே மாட்டான். ஒரு வார்த்த சொல்லாம ஒருத்தன் வந்து ஏறுவான், அவனோட வண்டி கெளம்பிரும்."

"அப்ப போக வேணாங்கறீங்களா?"

"அப்டி எங்க சொன்னேன்? இஞ்சினியரும் நல்ல படிப்புதான், அங்க இடம் உறுதி, கடலும் இருக்கு. அதச் சொல்லிடணும், சொல்லிட்டேன். உனக்கு எது வேணும்?"

நுஹைலா தரையைப் பார்த்தாள். "ஃபெஸ்."

"காரணம்?"

"எட்டாவது படிக்கும்போதுலருந்து."

அது காரணம் ஆகாது என்று அவளுக்கே தெரிந்தது. அல்லால் அதற்கு மேல் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். தன் தடத்தை விட்டு வண்டியை வெளியூருக்கு எடுத்துப்போகக் காவல் நிலையத்தில் எழுதி வாங்க வேண்டிய அனுமதி. அல் ஹொஸைமா, புதன்கிழமை, ஒரு பயணி. மத்தியானமே வாங்கியிருந்தார்.

"நாலரைக்குக் கெளம்பினா பத்தரைக்குப் போயிரலாம்," என்றார்.

புதன்கிழமை தாஸாவைத் தாண்டியபோது நன்றாக விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மலைப்பாதை. ஆறு பேர் உட்காரும் வண்டியில் அவள் ஒருத்தி மட்டும் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழியில் நின்றவர்கள் கையை நீட்டினார்கள். அல்லால் ஒவ்வொருவரிடமும் விரலை ஆட்டி, மன்னிப்புக் கேட்பது போல நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

கல்லூரி அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார். படிவத்தை நீட்டினார். ஆனால் பேனாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்க போறே?"

"ஃபெஸ். மருத்துவம்."

"முதன்மைப் பட்டியலா?"

"காத்திருப்பு. முப்பத்தொண்ணு."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் ஒரு பையன் இப்டித்தான் எடுத்துட்டுப் போனான். ரெண்டு நாள்ல அவன் அப்பாவோட வந்து இந்த நாற்காலில உக்காந்து அழுதான். நான் என்ன பண்ண முடியும்? அதுக்குள்ள அடுத்த ஆளு சேந்தாச்சு. உன் அப்பாவுக்குத் தெரியுமா?"

"வாசல்ல நிக்கறார்."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

பேனா கைக்கு வந்தது. நுஹைலா கையெழுத்துப் போட்டாள். அலமாரியிலிருந்து தாள் வந்தது, ஓரத்தில் குத்தூசியின் இரண்டு ஓட்டைகளோடு. நேரம் பத்து ஐம்பது.

வெளியே வந்ததும் முதலில் ரீமைக் கூப்பிட்டாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

"ரீம், நான் நுஹைலா. நான் விலகிட்டேன். இப்பதான் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கு இடம் இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. பிறகு யாரோ ஒரு பெரியம்மா குலவையிட, அதோடு இன்னொருவர் சேர, மூன்றாவதாக ஒரு சின்னப் பெண் சரியாக வராமல் இட்டாள். நுஹைலா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"யார் வீட்ல கல்யாணம்?" என்றார் அல்லால்.

"நம்ம இடம் போச்சுப்பா, அதுக்கு."

அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு வண்டியைக் கிளப்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

திரும்பும் வழியில் இக்லாஸ் கூப்பிட்டாள். மணி ஒன்று.

"முப்பத்தொண்ணு! எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"கையெழுத்துப் போட்டு?"

"போடாம எப்டித் தருவாங்க? நீ எடுத்துட்டியா?" இக்லாஸின் அசல் மெக்னெஸில் ஒரு வணிகப் பள்ளியில் இருந்தது.

"மெக்னெஸ்தானே, இந்தா இருக்கு. நாலு மணிக்குள்ள எடுத்துருவேன், இன்ஷா அல்லாஹ்." அவள் குரலுக்குப் பின்னால் பேருந்து நிலையச் சத்தம். "கை நடுங்குச்சா உனக்கு?"

"இல்ல. எழுத்துதான் கோணலாப் போச்சு."

"அதுக்குப் பேர்தான்டீ நடுங்கறது," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை எட்டே காலுக்கே பெரிய கூடம் நிரம்பியிருந்தது. எண்பத்தாறு பேர்தான் பட்டியலில். ஆனால் ஒவ்வொருவரோடும் ஒரு அம்மாவாவது வந்திருந்தார். அல்லால் உள்ளே வரவில்லை. வண்டியை நிறுத்த இடமில்லை என்றார். கல்லூரி வாசலில் பத்து வண்டி நிறுத்த இடம் இருந்தது.

இக்லாஸை நுஹைலா அன்றுதான் நேரில் பார்த்தாள். போனில் கேட்ட குரலுக்கு இவள் ரொம்ப ஒல்லியாக இருந்தாள். மடியில் மஞ்சள் கோப்பு. அவள் பக்கத்தில் அவள் அம்மா, ஒரு துணிப்பையை அணைத்தபடி.

"இதுதானா அந்த முப்பத்தொண்ணு?" என்ற அம்மா நுஹைலாவை இழுத்து நாலு முறை முத்தமிட்டார். "இப்டி எலும்பா இருக்கியே! இந்தா ரொட்டி, ஆலிவ் வச்சிருக்கேன். எங்க ஊர்ல ஒரு டாக்டர் கெடையாது, தெரியுமா? கர்ப்பிணிய இறக்கிக் கொண்டுவர ரெண்டு மணி நேரம். இவ வந்தாத்தான் உண்டு. நேத்து ராத்திரி முழுக்க ஊர்ல ஒருத்தர் தூங்கல."

"மா, போதும்," என்றாள் இக்லாஸ்.

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

நுஹைலா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டாள். இக்லாஸ் வழக்கமாகப் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசவில்லை. எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். நுஹைலா அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது அடித்து ஐந்து நிமிடத்தில் பதிவாளர் வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு எழுத்தர்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பீடிகை எதுவும் இல்லாமல், "காலி இடம் இருபத்தொன்பது," என்றார்.

கூடத்தில் எழுந்த சத்தம் இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி மூச்சு விட்டது, பின்பாதி முனகியது.

நுஹைலா கணக்கைப் போட்டாள். இருபத்திரண்டோடு ஏழு. பதினாலில் ஏழு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். சரியாகப் பாதி. அப்படியானால் அந்த வார்த்தைக்கு எந்த அர்த்தமும் இல்லை. காசைச் சுண்டிப் பார்த்திருக்கலாம்.

"ரெண்டு பேர் வராம இருந்தா போதும்," என்றாள் மெல்ல.

இக்லாஸ் மடியிலிருந்த மஞ்சள் கோப்பைத் திருப்பி வைத்தாள்.

பெயர்கள் ஆரம்பித்தன. ஒன்று, வந்திருக்கிறார். இரண்டு, வந்திருக்கிறார். கூப்பிடப்பட்டவர் படியிறங்கி மேசைக்குப் போய், அசலைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார். கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும் வெளியே ஒரு வீட்டுக்காரர்கள் கத்தினார்கள்.

"ஒன்பது."

யாரும் எழவில்லை.

"ஒன்பது," என்றார் பதிவாளர். "மூன்றாவது முறை. ஒன்பது." தாளில் ஒரு கோடு இழுத்தார். "பத்து."

இனி முப்பது வரைக்கும் போகும். இன்னும் ஒருவர் வராமல் இருந்தால் முப்பத்தொன்று. பதினைந்து வந்திருந்தார். இருபது வந்திருந்தார். இருபத்து மூன்றாம் ஆள் கழிப்பறையிலிருந்து ஓடி வந்தார், கூடமே சிரித்தது. நுஹைலாவும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. இருபத்தேழு வந்திருந்தார்.

இருபத்தெட்டு எழுந்தபோது நுஹைலா கூட்டி முடித்துவிட்டாள். இருபத்தொன்பதாம் எண்காரர் முன்வரிசையில் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார். கடைசி இடம் முப்பதுக்கு. அல் ஹொஸைமாவில் ரீம் இந்நேரம் சேர்ந்திருப்பாள். அப்பா வாசலில் இருக்கிறார். அவரிடம் எத்தனை வார்த்தையில் சொல்லலாம் என்று யோசித்தாள். மூன்று போதும்.

இக்லாஸின் பக்கம் திரும்பினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

"மப்ரூக், இக்லாஸ்," என்றாள். முதல் முறையாகப் பெயர் சொல்லி வாழ்த்தினாள். "உனக்குக் கெடச்சிருச்சு. ஒருத்தர் வித்தியாசத்துல எனக்கு இல்ல. பரவாயில்ல."

இக்லாஸ் அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அழாதடீ," என்றாள் நுஹைலா. "நான்தான் அழணும்."

"முப்பது. இக்லாஸ் புஹ்லால்."

அம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். இக்லாஸ் படியிறங்கினாள். மேசை வரை போனாள். எழுத்தர் பெயரைச் சரிபார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"ஒரிஜினல்?"

அவள் கோப்பைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரிஜினல், மவளே," என்றார் எழுத்தர், கொஞ்சம் உரக்க. "நேரமாகுது."

மேலே அம்மா எழுந்து நின்றுவிட்டார். "கோப்புல இருக்கு பாரு! அந்த மஞ்சள் கோப்புல!"

பதிவாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். கூடம் அடங்கியது. இக்லாஸ் மேசையைப் பார்த்துப் பேசவில்லை. திரும்பி, மேலே, தன் அம்மாவும் நுஹைலாவும் இருந்த வரிசையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட இல்ல," என்றாள். "மெக்னெஸ்லயே இருக்கு. வாசல் வரைக்கும் போனேன். கையெழுத்துப் போட மனசு வரல, எடுக்கல."